சுதந்திரமும் ஜனநாயகமும் ஒன்றா? ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்கூடத்து மாடியில் ஞாயிறுதோறும் போட்டித் தேர்வு வகுப்பு நடக்கிறது. அதில் அரசியலமைப்புப் பகுதியை நான் எடுக்கிறேன். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன், வக்கீல் இல்லை. குரூப் 4 எழுதுகிறவர்கள், கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் என்று இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். பாடம் எதில் தொடங்கினாலும் சந்தேகம் இந்த இரண்டு சொல்லில் வந்து நின்றுவிடும். ஒரே பதிலை எத்தனை முறை சொன்னேன் என்ற கணக்கு விட்டுப்போன பிறகுதான், எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ரெண்டும் ஒண்ணுதானே சார்? வெள்ளைக்காரன் போனான், சுதந்திரம் வந்துச்சு, அதோட ஜனநாயகமும் வந்துருச்சு.

சேர்ந்து வரவில்லை. தேதிகளைப் பாருங்கள். வெள்ளைக்காரர் ஆட்சி போனது 1947 ஆகஸ்ட் 15. அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்தது 1946 தேர்தலில் வந்த சட்டசபை. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தவர்களுக்குத்தான் அந்தத் தேர்தலில் ஓட்டு. பேச்சு, கூட்டம், நடமாட்டம் என்று தனி மனிதருக்கான உரிமைகள் எழுத்தில் உறுதியானது 1950 ஜனவரி 26. வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தல் 1951 கடைசியில் தொடங்கி 1952-ல் முடிந்தது. நாட்டு விடுதலை ஒரு வருஷம், தனி மனித சுதந்திரம் ஒரு வருஷம், ஜனநாயகம் இன்னொரு வருஷம்.

வகுப்பில் இதை இரண்டு கேள்வியாகப் பிரித்துச் சொல்வேன். ‘முடிவெடுப்பது யார்?’ என்று கேட்டால், எல்லோரும் சேர்ந்து, தலைக்கு ஒரு ஓட்டு என்பது ஜனநாயகத்தின் பதில். ‘எந்த விஷயத்தில் அடுத்தவர் எனக்காக முடிவெடுக்கவே கூடாது?’ என்று கேட்டால், அங்கே சுதந்திரம் வருகிறது. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை கோழியா மீனா என்று கை தூக்கி முடிவு செய்யலாம். நீங்கள் சாப்பிடுவதா, விரதம் இருப்பதா என்று மற்றவர்கள் கை தூக்க முடியாது. இந்தக் கோழிக்குழம்பு கீழே அடிக்கடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம், விடுதலை, மக்களாட்சி, ஜனநாயகம், குடியரசு... பரீட்சையில எதைத்தான் எழுதறது?

ஜனநாயகம், மக்களாட்சி இரண்டும் ஒரே பொருள். ஒன்று வடமொழி வழி வந்தது, இன்னொன்று தமிழ். குடியரசு வேறு. நாட்டின் தலைமைப் பதவி பரம்பரையாக வராது என்பதுதான் அதன் பொருள். இங்கிலாந்து ஜனநாயகம், ஆனால் அரசர் இருப்பதால் குடியரசு இல்லை. சீனா தன்னைக் குடியரசு என்றுதான் சொல்லிக்கொள்கிறது, ஆனால் அங்கே ஆளும் கட்சியை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. விடுதலை என்பது ஒரு கட்டிலிருந்து வெளியே வருவது, சுதந்திரம் என்பது வந்த பிறகு இருக்கும் நிலை. பேச்சில் இரண்டையும் கலந்துதான் சொல்கிறோம், அதில் தப்பில்லை.

நான் ஓட்டுப் போடறேன். அப்ப நான் சுதந்திரமானவன்தானே?

இதைக் கேட்டவர் பட்டறையில் வேலை பார்க்கும் பையன். அவருக்கு என் பதில் கொஞ்சம் கசப்பாக இருந்தது. முதலாளியிடம் பெரிய தொகை முன்பணம் வாங்கிவிட்டு, அது கழியும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாமல் இருக்கிற தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். தேர்தல் அன்று அவரும் முதலாளியும் ஒரே வரிசையில் நிற்பார்கள், இரண்டு பேர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. மறுநாள் காலை அவர் எங்கே வேலைக்குப் போகலாம் என்பதை அவர் முடிவு செய்ய முடியாது. ஓட்டு இருக்கிறது, சுதந்திரம் இல்லை.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் ஆளுக்கொரு ஓட்டு, ஒரே மதிப்பு என்று வைத்துக்கொண்டு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்தச் சமத்துவத்தை மறுத்துக்கொண்டே போனால் அது முரண்பாட்டு வாழ்க்கை, நீண்ட நாள் தாங்காது என்றார். கொத்தடிமை முறை குற்றம் என்று சட்டமே இருக்கிறது. அது எப்போது வந்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு, எமர்ஜென்சி கேள்வியில் சொல்கிறேன்.

ஓட்டே இல்லாம சுதந்திரமா இருக்க முடியுமா? அது எப்படி?

முடியும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். ஏற்காட்டுக்குச் சுற்றிப்பார்க்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஆனால் அவரைக் காரணமில்லாமல் பிடித்து அடைக்க முடியாது, ஏனென்றால் அரசியலமைப்பின் 21-வது பிரிவு உயிரையும் தனி மனித சுதந்திரத்தையும் ‘எந்த நபருக்கும்’ உறுதி செய்கிறது, குடிமகன் என்று கேட்பதில்லை. பேச்சு, தொழில், குடியிருப்பு எல்லாம் வரும் 19-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும். இந்த வித்தியாசம் தேர்வில் அடிக்கடி வரும்.

ஊர் அளவில் பார்க்க ஹாங்காங் இருக்கிறது. 1997 வரை அங்கே ஆளுநர் லண்டனிலிருந்து வந்து இறங்குவார், அவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் பத்திரிகை, வியாபாரம், கோர்ட் எல்லாம் ஆசியாவில் பல ஜனநாயக நாடுகளைவிடத் தாராளமாக இருந்தன. அப்புறம் 2020-ல் பெய்ஜிங் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ‘ஆப்பிள் டெய்லி’ என்ற பெரிய பத்திரிகை மூடப்பட்டது. சட்டம் போட்டவர்களை ஓட்டால் இறக்க அங்கே யாருக்கும் வழியில்லை. ஒருவர் மனசு வைத்துக் கொடுத்த சுதந்திரம், அவர் மனசு மாறினால் போய்விடும்.

நம்ம சோழர் காலத்திலேயே குடவோலை இருந்துச்சே. நாமதான உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியது. குடும்புவாரியாக, அதாவது வார்டுவாரியாக, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவர் சொந்தக்காரர்களுக்கும் தடை. இன்றைய தேர்தல் சட்டத்தில்கூட அவ்வளவு கறார் இல்லை.

ஆனால் தகுதியையும் அதே கல்வெட்டு சொல்கிறது. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் படிப்பு. அது ஒரு பிராமண ஊரின் சபை. நம் வகுப்பில் இருக்கும் யார் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. தேர்ந்தெடுக்கும் முறை நேர்த்தியானது, ஆனால் குடம் சின்னது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது.

எங்க வீட்டில அஞ்சு பேர். நாலு பேர் சேர்ந்து, நான் கோயம்புத்தூர் போய்ப் படிக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ‘ஜனநாயக முறையில கேட்டுத்தான முடிவு எடுத்தோம்’னு அப்பா சொல்றார். சரியா சார்?

அப்பா சொன்னதில் முறை சரி, எல்லை சரியில்லை. முதல் கேள்வியின் கோழிக்குழம்பை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு என்ன டிவி வாங்கலாம் என்பது ஐந்து பேர் விஷயம். பத்தொன்பது வயதுப் பெண் என்ன படிப்பது என்பதில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கே எழாது, ஏனென்றால் அங்கே ஓட்டு மொத்தமே ஒன்றுதான்.

ஆனால் அப்பா பக்கமும் ஒன்று உண்டு. ‘அங்கே படிக்க நான் பணம் தர மாட்டேன்’ என்று சொல்ல அவருக்குச் சுதந்திரம் இருக்கிறது, அது அவர் பணம். ‘நீ போகக் கூடாது’ என்று சொல்லத்தான் இல்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நம் ஊரில் பாதிப் பெண்களின் படிப்பு நின்றுபோகிறது. சட்டம் இரண்டாவதற்குப் பதில் சொல்லும். முதலாவதற்கு உதவித்தொகைப் படிவம்தான் பதில், வகுப்பு முடிந்ததும் வாருங்கள், சேர்ந்து நிரப்பலாம்.

பெரும்பான்மை இப்படி எல்லை தாண்டுவது வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்று சுவிட்சர்லாந்தில் 1959-ல் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஆண்கள் மட்டும். வேண்டாம் என்று முடிவானது. 1971-ல்தான் ஒப்புக்கொண்டார்கள்.

ஊர்க்கூட்டத்தில எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து ஒரு குடும்பத்தை ஒதுக்கி வச்சா? அது மொத்த ஊரோட முடிவாச்சே.

மொத்த ஊர் என்றால் அந்தக் குடும்பமும் சேர்த்துத்தான். முந்தைய பதில்தான் இங்கேயும், ஆள் கணக்கு மட்டும் கூடுகிறது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2011-ல் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. வயது வந்த இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்வதில் ஊர், சாதி, குடும்பம் யாருடைய சம்மதமும் தேவையில்லை என்று 2018-ல் தெளிவாகவே சொன்னது. ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் வென்றவர்களாகவே இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது.

மது வேண்டாம்னு பெரும்பாலானவங்க கேக்கறாங்க. அப்ப குடிக்கறவன் சுதந்திரம் போகலாமா?

இந்தக் கேள்விக்குச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது நம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1. கொண்டுவந்தவர் ராஜாஜி. அதற்கு இருபது வருஷம் முன்னால் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், அப்போது மாகாணத்தின் பிரதமர், இன்றைய முதலமைச்சர் மாதிரி. குடியால் சீரழிந்த வீடுகளில் அது பெரிய நிம்மதி. கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு வாழ்க்கை போனது. அரசு இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் பில்லில் கட்டுகிற வரிக்கு அதுதான் முப்பாட்டன்.

சரி, அது நியாயமா? என் கருத்தைச் சொல்கிறேன். ஒருவன் குடிப்பது அவனோடு நிற்காமல் மனைவி முதுகிலும் பிள்ளை சோற்றிலும் விழும்போது, அது பொது விஷயம் ஆகிவிடுகிறது. அங்கே சட்டம் போட மக்களுக்கு உரிமை உண்டு. 47-வது பிரிவும் மதுவிலக்குக்கு முயலச் சொல்கிறது. ஆனால் அடுத்தவருக்குத் தொந்தரவில்லாமல் வீட்டில் ஒரு கிளாஸ் குடிக்கிறவரை என்ன செய்வது என்று கேட்டால், நான் கொஞ்சம் தடுமாறுவேன். அதே ராஜாஜி 1959-ல் அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்துத் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரா என்றே பெயர் வைத்தார். தொழில் செய்ய லைசென்ஸ் கேட்காதே என்றவர், குடிக்க மட்டும் விட மாட்டேன் என்றார். இதில் முரண்பாடு இருக்கிறதா இல்லையா என்று வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது, முடியவில்லை.

நாம தேர்ந்தெடுத்த அரசாங்கமே நம்மள ஜெயில்ல போடுமா? அப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. அதே ராஜாஜி அரசு 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்து மறியல் செய்தவர்களை அடைக்க, குற்றச் சட்டத் திருத்தச் சட்டத்தைப் பயன்படுத்தியது. வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்கள் மேல் வீசிய அதே ஆயுதம். பெரியார் சிறைக்குப் போனார். நடராசன், தாளமுத்து இருவரும் 1939-ல் சிறைவாசத்தின்போது இறந்தார்கள். 1940-ல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அடுத்தது நம் ஊரிலேயே நடந்தது. அஸ்தம்பட்டிப் பக்கம் மத்தியச் சிறை இருக்கிறதே, அங்கே 1950 பிப்ரவரி 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மலபார்க்காரர்கள். மலபார் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. தேதியை மறுபடி பாருங்கள். அடிப்படை உரிமைகளோடு அரசியலமைப்பு அமலுக்கு வந்து பதினாறே நாள். நாடு சுதந்திர நாடு, ஆள்கிறவர்கள் நம்மவர்கள், உரிமைகள் அச்சில் இருந்தன.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். அந்த வருஷம் சென்னை அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பேச்சுரிமைக்கு முதல் பெரிய வெற்றி. அடுத்த வருஷம், 1951 ஜூனில், நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தி, பேச்சைக் கட்டுப்படுத்த ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தைச் சேர்த்துக்கொண்டது. அதுதான் முதல் திருத்தம். செய்தது தற்காலிக நாடாளுமன்றம், பொதுத் தேர்தலே அப்போது நடக்கவில்லை. ஒரு பெண் உடனே கேட்டாள், ‘தேர்தல் நடந்து வந்த நாடாளுமன்றமா இருந்தா மட்டும் திருத்தியிருக்காதா சார்?’ திருத்தியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நீதிபதியை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலை. அவர் எப்படிக் கோடிப் பேர் தேர்ந்தெடுத்த அரசு போட்ட சட்டத்தை ரத்து பண்ணலாம்?

இது இருப்பதிலேயே நியாயமான கேள்வி. முதல் பதிலில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு, அதாவது அடுத்தவர் முடிவெடுக்கக் கூடாத இடம் எது என்பதற்கு, எல்லைக்கல் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளையும் பெரும்பான்மையே நியமித்து, பெரும்பான்மையே நீக்க முடிந்தால் எல்லைக்கல்லுக்கு அர்த்தமில்லை. கேரளத்தில் 1985-ல் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கைப்படி பாட மாட்டார்கள். பள்ளியிலிருந்து நீக்கினார்கள். ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் அந்த மூன்று பேர் ஜெயித்திருக்கவே முடியாது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

அதற்காகக் கோர்ட் எப்போதும் தனி மனிதர் பக்கமே நிற்கும் என்று எண்ண வேண்டாம். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலையை நீங்களே பார்த்தீர்கள். 2018-ல் அறிவித்து, நிலத்தில் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்று மாற்றிச் சொன்னது. சொத்துரிமை 1979 ஜூன் வரை அடிப்படை உரிமையாக இருந்தது. 44-வது திருத்தம் அதை 300-ஏ பிரிவுக்கு, வெறும் சட்ட உரிமையாக மாற்றிவிட்டது. சட்டப்படி நடந்தால் அரசு நிலத்தை எடுக்கலாம். அந்தத் திருத்தத்தைச் செய்தவர்கள் எமர்ஜென்சிக்குப் பிறகு வந்த ஜனதா ஆட்சிக்காரர்கள், அதாவது சுதந்திரத்தை மீட்க வந்தவர்கள்.

எமர்ஜென்சியில ரயில் எல்லாம் நேரத்துக்கு வந்துச்சாமே. அப்ப கொஞ்ச நாள் ஜனநாயகம் இல்லாம இருந்தா நல்லதுதானே?

தாத்தாக்களிடம் கேட்டுவிட்டு வந்து கேட்பார்கள். எமர்ஜென்சி என்றால் இந்திரா காந்தி ஆட்சியில் 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை இருந்த நெருக்கடி நிலை. அதில் நல்லதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மேலே வேடிக்கை என்றேனே, இதுதான் அது. கொத்தடிமை முறையை ஒழித்த அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்தது, 1976-ல் முழுச் சட்டமானது. ஓட்டு இருந்தும் சுதந்திரம் இல்லாமல் இருந்த தொழிலாளிக்கு, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த நேரத்தில் சட்டத்தில் விடுதலை வந்தது.

மறுபக்கம் இது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலைத்தார்கள். ஏப்ரலில், காரணமில்லாமல் பிடித்து அடைத்தால்கூட எமர்ஜென்சியில் கோர்ட்டுக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்தில் நான்கு நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார், அப்புறம் தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது. ரயில் நேரத்துக்கு வரவில்லை என்று எழுத முடியாத பத்திரிகையில் ரயில் நேரத்துக்கு வந்தது என்று படித்தால், அதை எப்படி நம்புவது?

1977 தேர்தலில் மக்கள் அந்த ஆட்சியை இறக்கினார்கள் என்று புத்தகத்தில் இருக்கும். தேசத்துக்கு அது சரி. தமிழ்நாட்டில் பெரும்பாலான தொகுதிகளை வென்றது காங்கிரஸ் இருந்த கூட்டணிதான். சுதந்திரத்தைப் பறித்தவர்களுக்கும் மக்கள் மனமார ஓட்டுப் போடலாம், ஜனநாயகம் அதைத் தடுக்காது.

சேலம் மாநகராட்சிக்கு ரொம்ப வருஷம் கவுன்சிலரே இல்லையே. அப்ப சேலத்தில சுதந்திரம் போச்சா, ஜனநாயகம் போச்சா?

ஜனநாயகம் போனது, சுதந்திரம் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 2011-ல் தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இட ஒதுக்கீடு வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. பழைய காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று 243-யு பிரிவு சொல்கிறது. அது சொன்னபடி இருந்தது, நடந்தது வேறு.

அந்த ஐந்து வருஷத்துக்கு மேலான காலத்தில் 60 வார்டையும் அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் பேசலாம், எழுதலாம், கலெக்டர் ஆபீஸ் முன்னால் நின்று கத்தலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருச் சாக்கடைக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் நானே மூன்று இடத்துக்கு மனு எழுதினேன். கவுன்சிலர் இருந்தால் சாக்கடை சரியாகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அடுத்த தேர்தலில் அவர் வீட்டு வாசலுக்கு வரும்போது கேட்டிருக்கலாம்.

எங்க ஏற்காடு தொகுதியில பழங்குடியினர் மட்டும்தான் நிக்க முடியும். நான் பிறந்து வளர்ந்த ஊர்ல நான் நிக்க முடியாதுன்னா, என் சுதந்திரம் பாதிக்கலையா?

ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் கேட்டது, கோபத்தோடு. தேர்தலில் நிற்பது 19-வது பிரிவில் உள்ள சுதந்திரம் கிடையாது, சட்டம் உண்டாக்கிக் கொடுக்கும் உரிமை. இதை உச்ச நீதிமன்றம் 1952 ஜனவரியில் சொன்ன வழக்கே நம் பக்கத்து வழக்குதான். நாமக்கல் தொகுதியில் ஒருவரின் வேட்புமனு தள்ளுபடியானது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டம். வழக்கு டெல்லி வரை போய், தேர்தல் முடியும்வரை கோர்ட் நுழையாது என்று தீர்ப்பானது.

ஆனால் சட்டத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அவர் கோபம் போகாது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். ஏற்காடு தொகுதி மலையோடு முடியவில்லை, கீழே வாழப்பாடிப் பக்கமும் அதில் சேர்கிறது. வெறும் தலை எண்ணிக்கைக்கு விட்டால், சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை) சட்டசபைக்குள் போவது அபூர்வம். ஓட்டு உங்களுக்கும் இருக்கிறது. யாருக்குப் போடுவது என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

ஓட்டுப் போடாம வீட்ல தூங்கறதும் என் சுதந்திரம்தானே?

இந்தியாவில் ஆம். ஆஸ்திரேலியாவில் இல்லை, அங்கே 1924-லிருந்து போடாவிட்டால் அபராதம். இங்கே 2013-ல் நோட்டா வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதலில் இருந்தது அந்த வருஷம் டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில். தூங்குவதைவிட அது கொஞ்சம் சத்தமான மறுப்பு. ஆனால் நோட்டா எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களில் முன்னால் இருப்பவர்தான் ஜெயிப்பார்.

ரெண்டில ஒண்ணுதான் கிடைக்கும்னா நீங்க எதை எடுப்பீங்க?

வயதானவன் என்பதால் அமைதியாக இருக்க விடும் சுதந்திரத்தை எடுப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் ஓட்டைத்தான் எடுப்பேன். காரணம் ஹாங்காங் பதிலில் இருக்கிறது. ஓட்டு இருந்தால் இழந்த சுதந்திரத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது மிஞ்சும். ஆனால் பேச முடியாத, கூடி நிற்க முடியாத, பத்திரிகை வராத ஊரில் போடுகிற ஓட்டு என்ன ஓட்டு என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், நான் எடுத்த முடிவில் குறை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

போன மாசம் வகுப்பு நேரத்தை நீங்களே கை தூக்கச் சொல்லி மாத்தினீங்களே, அது ஜனநாயகமா சார்?

கேட்டது ஏற்காட்டுப் பெண். நடந்தது இதுதான். காலை வகுப்பை மாலைக்கு மாற்றலாமா என்று கேட்டேன். பதினேழு பேர் ஆம், ஆறு பேர் இல்லை. மாற்றிவிட்டேன். அந்த ஆறில் நான்கு பேர் மலையிலிருந்து வருகிறவர்கள். மாலையில் வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, இறங்குமிடத்திலிருந்து காப்பித் தோட்டத்து லைன் வீட்டுக்கு இருட்டில் நடக்க வேண்டும். நேரம் எல்லோருக்கும் பொதுவான விஷயம் என்று நினைத்துத்தான் ஓட்டுக்கு விட்டேன். அந்த நான்கு பேருக்கு அது வகுப்பே உண்டா இல்லையா என்ற கேள்வி என்பது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மறுபடி காலை பத்து மணிக்குத்தான் வகுப்பு, இந்த முறை ஓட்டு எடுக்கவில்லை. மாலை கேட்ட பதினேழு பேரில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் ஓட்டுப் போட்டால் சுதந்திரம்தானே என்று கேட்ட பட்டறைப் பையன். ஞாயிறு காலையும் அவனுக்கு வேலை இருக்கிறது. புதன் இரவில் அவனுக்குத் தனியாக ஒரு மணி நேரம் எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.